சந்தில் ரோடு போட்டார்கள், "நன்று" என்று டிக் போடச் சொல்கிறார்கள். எப்படி மதிப்பிடுவது?

மீனா_ஜெராக்ஸ்:

எல்லோருக்கும் வணக்கம். மதுரை கீழமாசி வீதியிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில் ஜெராக்ஸ், டி.டி.பி. கடை வைத்திருக்கிறேன். பன்னிரண்டு வருஷம் ஆகிறது. மூன்று வருஷத்துக்கு முன்னால் எங்கள் சந்தைத் தோண்டினார்கள். ஓரத்தில் மழைநீர் வடிகால், அதன் மேல் சிலாப், நடுவில் பேவர் பிளாக், இரண்டு முனையிலும் விளக்கு. நாலு மாதத்தில் முடியும் என்று பலகை வைத்தார்கள், பதினொரு மாதம் ஆனது. அதுவரை வாடிக்கையாளர்கள் சாரப்பலகை மேல் கால் வைத்துத்தான் கடைக்குள் வந்தார்கள். சரி, அது பழைய கதை.

இப்போது பகுதி சபைக் கூட்டம், அதாவது வார்டில் எங்கள் பகுதி ஜனம் கூடிக் குறை நிறை சொல்லும் கூட்டம், வருகிறது. அதில் கொடுப்பதற்குக் குடியிருப்போர் சங்கத்தில் ஒரு படிவம் தயார் செய்திருக்கிறார்கள். "தெரு மேம்பாட்டுப் பணி குறித்துத் தங்கள் கருத்து: மிகச் சிறப்பு, சிறப்பு, நன்று, சுமார்." மோசம் என்று ஒரு கட்டமே கிடையாது. வீடு வீடாகக் கொடுத்து வாங்கி, அதை எண்ணி, "மதிப்பீட்டு அறிக்கை" என்று நாலு பக்கம் நான் எழுத வேண்டுமாம். சங்கத்தில் தமிழ் டைப் தெரிந்தவள் நான் ஒருத்திதான், அதனால் என் தலையில் விழுந்தது.

என் படிவத்தையே என்னால் நிரப்ப முடியவில்லை. ராத்திரி வெளிச்சம் இருக்கிறது, என் மகள் டியூஷன் முடிந்து தனியாக நடந்து வருகிறாள். சேறு இல்லை. ஆனால் தெரு ஒரு சாண் உயர்ந்துவிட்டது. முன்பு இரண்டு படி ஏறி வர வேண்டிய கடைக்கு இப்போது அரைப்படி. வானம் இருட்டினாலே யு.பி.எஸ்.ஸைத் தூக்கி மேஜை மேல் வைக்கிறேன். முனையில் நின்ற இஸ்திரி வண்டி அண்ணன், கீரைக்கார அம்மா, வடை போடும் அக்கா யாரையும் காணோம். இதையெல்லாம் கூட்டிக் கழித்து "நன்று" என்று போடுவதா? இந்த வேலை செய்து பழக்கமுள்ளவர்கள் யாராவது வழி சொல்லுங்கள். டிக்கை எண்ணிக் கொடுத்துவிட்டு அதற்கு அறிக்கை என்று பெயர் வைக்க மனசு வரவில்லை.

செல்லூர்_பாண்டி:

அக்கா, மதிப்பீடெல்லாம் எப்போதோ வந்துவிட்டது. மத்திய அரசின் 2024-25 தூய்மைக் கணக்கெடுப்பில் பத்து லட்சத்துக்கு மேல் ஜனம் உள்ள 40 நகரங்களில் மதுரை 40ஆவது. இதற்கு மேல் என்ன அறிக்கை?

ஒரே ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள். உங்கள் வடிகால் எங்கே போய்ச் சேர்கிறது? 2024 அக்டோபர் மழையில் எங்கள் பக்கம் பந்தல்குடி கால்வாய் நிரம்பி வீட்டுக்குள் வந்தபோது கட்டில் மேல் உட்கார்ந்திருந்தோம். மேலே இருப்பவர் தெருவில் தண்ணீர் நிற்கவில்லை என்று டிக் போடுவார். அந்தத் தண்ணீர் கீழே இருப்பவன் வீட்டில் நிற்கும். கிருதுமால் நதி என்று ஒன்று ஊருக்குள் ஓடியது, இன்று அதைச் சாக்கடை என்றுதான் பிள்ளைகளுக்குத் தெரியும். பேவர் பிளாக்கை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

சைட்_சூப்பர்வைசர்:

நான் காண்டிராக்டர் பக்கத்து ஆள், திட்டுவதென்றால் திட்டிக்கொள்ளுங்கள். எம் புக்கில், அதாவது செய்த வேலையை அளந்து எழுதும் புத்தகத்தில், நாங்கள் எழுதுவது நீளம், அகலம், ஆழம். எத்தனை மீட்டர் வடிகால் கட்டினோம் என்பதற்குத்தான் காசு. அதில் தண்ணீர் ஓடியதா என்று எழுத அந்தப் புத்தகத்தில் இடமே இல்லை. வந்த பணம் செலவாகிவிட்டது என்ற பயன்பாட்டுச் சான்று மேலே போனால்தான் அடுத்த தவணை கீழே வரும். அதனால் எந்த ஆய்வுக் கூட்டத்திலும் முதல் கேள்வி "எத்தனை சதவீதம் செலவாகியிருக்கிறது?" என்பதுதான். மனிதர்கள் கெட்டவர்கள் என்று சொல்லவில்லை. எது எழுதப்படுகிறதோ அதுதான் மேலே போய்ச் சேரும்.

மீனா அக்காவுக்கு இரண்டு விஷயம். தெரு உயர்ந்ததற்குக் காரணம், பழைய ரோட்டைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே கல் பவுடர் பரப்பிப் பிளாக் பதித்திருப்பார்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் எஸ்டிமேட் கேளுங்கள். 10 ரூபாய்தான், 30 நாளில் பதில் தர வேண்டும். "பழைய தளத்தை எடுத்து அப்புறப்படுத்துதல்" என்று அதில் ஒரு ஐட்டம் இருந்தால், சங்கத்துக்கு ஒரு நல்ல கேள்வி கிடைத்தது. இல்லாவிட்டால் தப்பு வரைந்த இடத்திலேயே நடந்திருக்கிறது, வேலை செய்தவனைத் திட்டிப் பலனில்லை. இரண்டாவது, வடிகாலின் வாட்டம், அதாவது தண்ணீர் ஓடுவதற்கான சரிவு. ஒரு வாளி தண்ணீரை மேல் முனையில் ஊற்றிவிட்டுக் கீழ் முனைக்குப் போய் நில்லுங்கள். வருகிறதா, எவ்வளவு நேரத்தில் வருகிறது? இதற்கு இன்ஜினியர் தேவையில்லை.

புள்ளிக்காரர்_66:

மீனாம்மா, நான் புள்ளியியலில் இருந்து ஓய்வு பெற்றவன். பேனா, பரீட்சை அட்டை, ரப்பர் பேண்டு, குடை. முப்பத்துநாலு வருஷம் இந்த நாலையும் வைத்துக்கொண்டு ஊர் ஊராக எண்ணியவன். நீளமாக எழுதுவேன், டீ போட்டுக்கொண்டு படியுங்கள்.

முதலில் அந்தக் கூட்டல் கழித்தலை விடுங்கள். உங்கள் மகள் பயமில்லாமல் நடந்து வருவதில் இருந்து யு.பி.எஸ். நனைவதை எப்படிக் கழிப்பீர்கள்? இரண்டும் வேறு வேறு ஆளுக்கு நடக்கிற வேறு வேறு காரியம். யாருக்கு என்ன ஆனது என்று தனித்தனி வரியாக எழுதுங்கள், அதுவே முக்கால் அறிக்கை.

அடுத்தது, என் பிழை ஒன்றைச் சொல்கிறேன். 1999இல் வெளியூர்ப் பேருந்துகளுக்கு மாட்டுத்தாவணி நிலையம் வந்தது. (தாவணி என்றால் மாட்டுச் சந்தை, இன்றைய பிள்ளைகள் புடவை சம்பந்தம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.) அது திறந்த பிறகு ஒரு சின்ன விசாரணைக்காக என்னை அங்கே நிற்க வைத்தார்கள். இறங்குகிறவர்களிடம் "புது நிலையம் வசதியா?" என்று கேட்க வேண்டும். பெரும்பாலோர் வசதி என்றார்கள். இடம் பெரிது, வண்டி நிற்க இடம், நிழல். நானும் சந்தோஷமாக எழுதிக்கொண்டேன். மூன்றாம் நாள், டீ கொடுத்த பையன் கேட்டான்: "சார், வசதிப்படாதவன் இங்கே ஏன் சார் வரப்போறான்?" எனக்குச் சுருக்கென்றது. முன்பு ஊருக்கு நடுவில் இறங்கி, கூடையோடு நடந்து போய் விற்றுவிட்டு மத்தியானமே திரும்பிய பெண்களுக்கு, இங்கிருந்து இன்னொரு பஸ், இன்னொரு டிக்கெட். அதனால் வருவதையே விட்டவள் என் அட்டையில் எப்படி வருவாள்? நான் நின்ற இடத்தில் இருந்தவர்கள் எல்லோருமே அந்த மாற்றத்தைத் தாங்கிக்கொள்ள முடிந்தவர்கள். அந்த விசாரணையில் நான் எழுதிக் கொடுத்த எண் தப்பு இல்லை. நின்ற இடம்தான் தப்பு.

உங்கள் சங்கப் படிவமும் இதே வேலையைத்தான் செய்யப்போகிறது. வீடு வீடாகக் கொடுத்தால் வீடு உள்ளவர் கருத்து வரும். அந்தச் சந்தில் பிழைத்துவிட்டு வேறெங்கோ போய்த் தூங்குகிறவர் கருத்து வராது. கீழமாசி வீதி மொத்த மளிகைக்காரர்கள் இடம், சுமை தூக்குகிறவர்களும் தள்ளுவண்டிக்காரர்களும் இல்லாமல் அங்கே ஒரு நாள் ஓடாது. அவர்களில் யாரிடமாவது படிவம் போகுமா? ஆகவே முதல் வேலை, வேலை தொடங்குமுன் சந்தில் யார் யார் இருந்தார்கள் என்று பட்டியல் போடுங்கள். 2014 தெரு வியாபாரிகள் சட்டப்படி ஐந்து ஆண்டுக்கு ஒரு முறையாவது வியாபாரிகளைக் கணக்கெடுக்க வேண்டும், அவர்கள் விஷயங்களைப் பார்க்கும் நகர விற்பனைக் குழுவில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளே இருக்க வேண்டும். அந்தக் கணக்கெடுப்பில் உங்கள் சந்து இருந்தால் அதையும் கேட்டு வாங்குங்கள். அப்புறம் ஒவ்வொருவரையும் தேடிப் போய், எப்போது போனீர்கள், ஏன் போனீர்கள், இப்போது எங்கே, எவ்வளவு கிடைக்கிறது என்று கேளுங்கள்.

இரண்டாவது வேலை ஒப்பிடுவது. முன்பு இப்படி, பின்பு இப்படி என்பது மட்டும் போதாது. இடையில் கொரோனா வந்துபோனது, ஜனம் போனில் சாமான் வாங்கப் பழகிவிட்டது. உங்கள் சந்தில் கூட்டம் குறைந்திருந்தால் அது ரோட்டாலா, போனாலா? அதனால் வேலை நடக்காத, மற்றபடி அதே மாதிரியான அடுத்த சந்து ஒன்றையும் எண்ணுங்கள். ஒரே நாள், ஒரே நேரம். முகூர்த்த நாள் வேண்டாம், தேரோட்டம் மாசி வீதிகளைச் சுற்றி வரும் சித்திரைத் திருவிழா சமயம் வேண்டவே வேண்டாம். ஆடியில் ஒன்றையும் ஐப்பசியில் ஒன்றையும் எண்ணிவிட்டு வியாபாரம் பெருகிவிட்டது என்று எழுதியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பாண்டி தம்பி, ரேங்க் விஷயம். அது மொத்த நகரத்துக்கும் ஒரு எண். ஒரு சந்தில் வடை அக்கா ஏன் போனார் என்று அது சொல்லாது. நகரத்துக்கு ஒரே எண் போடுவதில் இன்னொரு கண்ணியும் உண்டு. 2011இல் மாநகராட்சி 72 வார்டிலிருந்து 100 வார்டானது. சுமார் 52 சதுர கிலோமீட்டர் ஒரே மூச்சில் 148 ஆனது. அதற்கு முந்தைய "பாதாள சாக்கடை உள்ள வீடுகள்" சதவீதத்தையும் பிந்தையதையும் பக்கத்தில் வைத்து, நிலைமை கெட்டுவிட்டது என்று ஒருவர் என்னிடம் வாதாடினார். ஒரு குழாய்கூடக் கெடவில்லை ஐயா, ஊர் பெரிதாகிவிட்டது என்றேன். ஆனால் உங்கள் வடிகால் கேள்வி நூற்றுக்கு நூறு சரி. மீனாம்மா, உங்கள் தண்ணீர் எங்கே போகிறது என்பது அறிக்கையில் கட்டாயம் வர வேண்டும். தெரு முனையோடு நின்றுவிடாதீர்கள்.

பழைய கதை ஒன்று சொல்லி முடிக்கிறேன். 1840களில் பிளாக்பர்ன் கலெக்டராக இருந்தபோது மதுரைக் கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்தார்கள். இடித்துச் சமன் செய்பவர்களுக்கே நிலம் என்று ஏற்பாடு. ஊர் வெளிவீதி வரை பரந்தது. சர்வேயர் மாரட் பெயரிலும் மேஸ்திரி பெருமாள் பெயரிலும் வீதிகள் இருக்கின்றன, கலெக்டருக்கு விளக்குத்தூண் இருக்கிறது. நகரமைப்பில் இதைவிட வெற்றி கிடையாது என்று நானே பல தடவை பேசியிருக்கிறேன். அந்தச் சுவரின் ஓரத்தில் அதற்கு முன் யார் குடியிருந்தார்கள் என்று கேட்டால், வீதிப் பெயர்களில் பதில் இல்லை.

லதா_டீச்சர்:

ஐயா சொன்னதோடு ஒன்று. நம் ஊரில் இப்படி அளந்ததும் உண்டு. 2021இல் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பேருந்து வந்தபோது மாநிலத் திட்டக் குழு நாகப்பட்டினம், திருப்பூர், மதுரை மூன்று இடங்களில் ஆய்வு செய்தது. மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று வந்தது. எத்தனை பஸ் விட்டோம் என்று எண்ணாமல், வீட்டில் என்ன மிஞ்சியது என்று கேட்டது எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் சராசரி சராசரிதான். எங்கள் பள்ளியில் வேலை செய்யும் அம்மா ஊருக்குக் காலை ஒன்று, மாலை ஒன்று என இரண்டே டிரிப். அந்த வண்டியைத் தவறவிட்டால் ஷேர் ஆட்டோவுக்குக் கொடுப்பது கையிலிருந்து. இலவசம் என்பது பஸ் வருகிற ஊர்க்காரருக்கு.

மீனா, நீங்கள் "திருப்தியா?" என்று கேட்காதீர்கள். நேற்று என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். எந்த வழியாக வந்தீர்கள், எங்கே உட்கார்ந்தீர்கள், எங்கே டீ குடித்தீர்கள் என்று. திருப்தி என்றால் நம் ஜனம் மரியாதைக்கு ஆமாம் என்றுதான் சொல்லும்.

மீனா_ஜெராக்ஸ்:

பத்து நாள் ஆகிவிட்டது, மன்னிக்கவும். செய்து பார்த்தேன்.

முன்பு என்ன இருந்தது என்பதற்கு ஒரு நல்ல ஆதாரம் கிடைத்தது. 2019 பொங்கல் கோலப் போட்டியைச் சங்கத்தில் யாரோ போனில் எடுத்த படங்கள். எல்லோரும் கோலத்தைப் பார்க்க, நான் பின்னால் இருப்பதைப் பார்த்தேன். என் கடைக்கு இரண்டு படி தெளிவாகத் தெரிகிறது. முனையில் ஆறு பேர் வியாபாரம் செய்கிறார்கள்.

ஆறு பேரையும் தேடினேன். இஸ்திரி அண்ணன் அண்ணா நகரில் ஒரு அபார்ட்மெண்டில் இருக்கிறார். சந்தைத் தோண்டியபோது போனவர், இப்போது வருமானம் முன்பைவிட நல்லது, கூப்பிட்டாலும் வரமாட்டேன் என்று சிரிக்கிறார். கீரைக்கார அம்மா முட்டி வலியால் வேலை தொடங்குவதற்கு ஒரு வருஷம் முன்பே நிறுத்திவிட்டாராம். நான் இத்தனை நாள் ரோட்டால் போனார் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். பூக்கார அக்கா அடுத்த முனையிலேயே இருக்கிறார், விளக்கு வந்ததால் ராத்திரி ஒன்பது வரை உட்கார முடிகிறது என்றார். சாணை பிடிப்பவரைப் பற்றி யாருக்கும் தெரியவில்லை. செருப்புத் தைக்கும் தாத்தா அடுத்த சந்தில் இருக்கிறார். வடை அக்கா நெல்பேட்டைப் பக்கம் போய்விட்டார், பாதி மாவுதான் ஆட்டுகிறார்.

வடை அக்கா ஏன் போனார் என்பதுதான் எனக்கு ஆச்சரியம். யாரும் விரட்டவில்லை. சிலாப்புக்கும் பேவர் பிளாக்குக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி. தள்ளுவண்டிச் சக்கரம் அதில் இறங்கிச் சிக்கிக்கொள்கிறது. மூட்டை ஏற்றிய வண்டி சிக்கினால் நாலு பேர் தூக்க வேண்டும். அதனால் சுமைக்கார அண்ணன்மார் எங்கள் சந்தை விட்டுவிட்டு அடுத்த சந்து வழியாகப் போகிறார்கள். காலை பத்து மணி வடைக்கு அவர்கள்தான் ஆள். அவர்கள் போனதும் அக்காவுக்கு வியாபாரம் போனது. நான் தினமும் அந்த இடைவெளியைத் தாண்டித்தான் கடை திறக்கிறேன், ஒரு நாளும் அதைப் பார்க்கவில்லை.

வாளித் தண்ணீர் பரீட்சையும் செய்தோம். மூன்று வாளி ஊற்றியும் கீழ் முனைக்கு வரவில்லை, நடுவில் ஒரு வீட்டு வாசலுக்கு நேராக நிற்கிறது. எஸ்டிமேட்டுக்கு மனு போட்டிருக்கிறேன், பதில் வரவில்லை.

இரண்டு சந்தையும் மூன்று நாள், காலை பத்து முதல் பதினொன்று வரை எண்ணினோம். எங்கள் சந்தைவிட அடுத்த சந்தில் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆள் நடமாட்டம். அப்படியென்றால் ரோடு போடாத சந்துதான் நல்லது என்று எழுதலாமா?

புள்ளிக்காரர்_66:

எழுதக் கூடாது. இதில் தப்பு என்னுடையது, அடுத்த சந்தை எடுக்கச் சொன்னது நான்தான். உங்கள் சந்திலிருந்து போன வண்டியும் செருப்புத் தாத்தாவும் அங்கேதானே போயிருக்கிறார்கள்? இங்கே ஒன்று குறைந்தால் அங்கே ஒன்று கூடும், வித்தியாசம் இரட்டையாகத் தெரியும். இரண்டு சந்து தள்ளி, இந்த வண்டிகள் போகாத ஒன்றைப் பிடித்து இன்னொரு முறை எண்ணுங்கள். நேரமில்லையென்றால் அந்த இரண்டு மடங்கை விட்டுவிட்டு, வண்டிகள் இடம் மாறின என்று மட்டும் எழுதுங்கள். அது நீங்கள் கண்ணால் பார்த்தது.

கீரை அம்மாவை அறிக்கையிலிருந்து எடுத்துவிடாதீர்கள். ரோட்டால் போனவர், ரோடு இல்லாவிட்டாலும் போயிருப்பவர் என்று பிரித்துக் காட்டினால்தான் மீதி வரிகளை நம்புவார்கள். இஸ்திரிக்காரர் நன்றாக இருப்பதையும் அப்படியே எழுதுங்கள். சாணைக்காரர் கிடைக்கவில்லை என்பதும் ஒரு வரி.

அந்த நாலு விரல் இடைவெளிதான் இதில் தங்கம். சிமெண்டும் ஜல்லியும் போட்டு ஒரு நாளில் அடைத்துவிடலாம். சைட் தம்பி, சரிதானே?

சைட்_சூப்பர்வைசர்:

ஒரு நாள்கூட வேண்டாம், ஒரு கொத்தனார், ஒரு சித்தாள், அரை நாள். ஆனால் வடிகால் நடுவில் நிற்பது அப்படி இல்லை. வாட்டம் தப்பு, சிலாப்பைத் தூக்கி அடியில் தளம் திருத்த வேண்டும். இரண்டையும் ஒரே கோரிக்கையாக எழுதினால் பெரிய வேலையைக் காரணம் காட்டிச் சின்ன வேலையும் நின்றுபோகும். தனித்தனி மனுவாகக் கொடுங்கள்.

செல்லூர்_பாண்டி:

அக்கா, தண்ணீர் நடுவிலேயே நின்றுவிட்டதா? அப்போது எங்கள் பக்கம் வராது, நிம்மதி. சும்மா சொன்னேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

மீனா_ஜெராக்ஸ்:

எல்லோருக்கும் நன்றி. கூட்டம் ஞாயிற்றுக்கிழமை. படிவத்தை மாற்ற முடியாது என்று சங்கத் தலைவர் சொல்லிவிட்டார், நூறும் அச்சாகிவிட்டதாம். எனக்குத் தெரியாதா, அச்சடித்ததே என் கடையில்தான். காசு மிச்சம் பிடிக்க ஒரு பக்கம் மட்டும் போடச் சொன்னார்கள். பின்பக்கம் நூறும் காலி. நேற்று ராத்திரி அதையெல்லாம் திருப்பி மெஷினில் வைத்து, "நேற்று இந்தச் சந்தில் என்ன செய்தீர்கள்?" என்று மேலே ஒரே ஒரு வரி அடித்துவிட்டேன். பத்துப் படிவம் சுமைக்கார அண்ணன்மாருக்கு என்று தனியாக எடுத்து வைத்திருக்கிறேன்.